முந்திப் படிக்கக் கூடாது

இந்த ஆண்டு நான் படித்த நாவல்களில் என்னை மிகவும் மகிழ்வித்தது ஒரு கொலை நாவல் என்று வகுப்பில் சொன்னால் சிரிப்பார்கள். தமிழ் முதுகலை இரண்டாம் ஆண்டில் இருக்கும் ஒருத்தி சொல்லத்தக்க பதில் அதுவன்று. அதனால் சொல்லவில்லை. வகுப்பில் நான் பொதுவாக எதையும் சொல்வதில்லை.

அந்த நாவல் ஒரு மலையூரில், சுற்றுலாக் காலம் முடிந்து ஆளொழிந்துபோன விடுதியொன்றில் நடக்கிறது. விசாரிக்க வரும் பெண் சப்-இன்ஸ்பெக்டருக்கு முதல் அத்தியாயத்திலிருந்தே சளி. மூக்கைத் துடைத்துக்கொண்டே எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்: நேற்று மாலை நீங்கள் எங்கே இருந்தீர்கள்? விடுதியின் சமையற்காரர், கணக்கர், தனியாக வந்து தங்கியிருக்கும் ஒரு விதவை, துணி வெளுப்பவர் என்று ஒவ்வொருவரும் தத்தம் மாலைப்பொழுதை விவரிக்க வேண்டியதாகிறது. அந்த மாலைகள் மிகச் சாதாரணமானவை. ஒருவர் போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தார். ஒருவர் நிறுத்தத்தில் வராத பேருந்துக்காக நின்றிருந்தார். விதவை சன்னலருகே உட்கார்ந்து வெறுமனே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொலையாளி யாரென்று பாதியிலேயே ஊகித்துவிட்டேன். ஆனாலும் அந்த வாக்குமூலங்களுக்காகவே மெதுவாகப் படித்தேன். ஒரு மனிதரின் மாலை எப்படிக் கழிந்தது என்று இன்னொருவர் அத்தனை அக்கறையோடு கேட்பதற்கு ஒரு கொலை தேவைப்படுகிறது என்று தோன்றியது. என் மாலைகளைப் பற்றி யாரும் கேட்டதில்லை. அவை பெரும்பாலும் சிதம்பரத்திலிருந்து திருப்பாதிரிப்புலியூர் வரும் பயணிகள் ரயிலில், மடியில் ஒரு புத்தகத்தோடு கழிகின்றன.

இந்த எண்ணத்தை ஒருத்தியிடம் மட்டும் சொன்னேன்.

அவள் இளங்கலையில் என்னோடு படித்தவள். ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தோம் என்றாலும் எங்களைச் சேர்த்தது அந்த வரிசை அன்று. நாங்கள் இருவரும் கேட்ட நாவலுக்கு நூலகத்தில் ஒரே பிரதிதான் இருந்தது. அவள் விடுதியில் தங்கியிருந்தாள். நான் கடலூரிலிருந்து தினமும் வந்து போனேன். ஆகவே மாலையில் விடுதி வாசலில் புத்தகத்தை அவளிடம் கொடுப்பேன். காலையில் வகுப்பில் அவள் என்னிடம் கொடுப்பாள். அவள் இரவில் எட்டிய பக்கத்தை நான் மறுநாள் இடைவேளைகளில் எட்ட வேண்டும். அதற்கு மேல் ஒரு வரிகூடப் போகக் கூடாது. நான் எட்டிய பிறகுதான் அவளும் மேலே போகலாம். இதை நாங்கள் உட்கார்ந்து பேசி வகுக்கவில்லை. ஒரே பிரதி என்பதால் தானாக அமைந்தது. பிறகு இரண்டு பிரதிகள் கிடைத்த நாவல்களிலும் அதையே கடைப்பிடித்தோம். இந்த அத்தியாயம் வரை என்று முடிவு செய்துகொள்வோம். முதலில் முடித்தவள் காத்திருப்பாள். இருவரும் முடித்த பிறகுதான் பேச்சு. பேச்சு முடிந்த பிறகுதான் அடுத்த அத்தியாயம்.

"முந்திப் படிச்சியாடி?" என்று அவள் மாலையில் முதல் கேள்வியாகக் கேட்பாள்.

"இல்லடி."

"உன் மூஞ்சியப் பாத்தா படிச்ச மாதிரி இருக்கு. யாரோ சாவப் போறாங்க. எனக்குத் தெரிஞ்சு போச்சு."

"நீதான் கேட்டுக் கேட்டே சாவடிக்கிற."

பட்டப்படிப்பு முடிந்த கோடையில் அவளுக்குத் திருமணம் ஆயிற்று. மாப்பிள்ளைக்கு மங்கலம்பேட்டை, வேலை சிங்கப்பூரில். அவள் மாமியாரோடும் நாத்தனாரோடும் மங்கலம்பேட்டையிலேயே இருக்கிறாள். நான் முதுகலையில் சேர்ந்தேன். திருமண வீட்டில் பிரியாணிக்குக் காத்திருந்த வேளையில், மருதாணிக் கையை உலர்த்தியபடி அவளே சொன்னாள்: "இது நிக்கக் கூடாதுடி. நான் போன்ல படிக்கறேன், நீ லைப்ரரில எடு. அத்தியாயம் முடிஞ்சதும் 'ஆச்சு'ன்னு அனுப்பறேன். அதுக்கப்பறம் நீ பேசி அனுப்பு."

அப்படித்தான் நடந்தது. கைப்பேசிச் செயலியில் அவளுக்கு நாவல்கள் கிடைத்தன. எனக்குக் கடலூர் நூலகத்தில் அச்சுப் பிரதி. அவளிடமிருந்து 'ஆச்சு' வந்ததும் நான் மொட்டை மாடிக்குப் போய்ப் பேசிப் பதிவு செய்து அனுப்புவேன். நேரில் நான் குறைவாகப் பேசுகிறவள். யாரும் எதிரே இல்லாதபோது என் வாக்கியங்கள் முழுமையாக வந்தன. முதலில் கதையைத் தொகுத்துக்கொள்வேன். பிறகு அதைப் பற்றி நினைத்ததைச் சொல்வேன். கடைசியில், நாவலிலிருந்து வழிதவறி, என்னைப் பற்றியும் ஏதாவது சொல்லிவிடுவேன். செம்மங்குப்பத்தில் ஒரு ரசாயன ஆலையில் ஷிப்ட் முடித்து வரும் அப்பா, ஒரு நாள் மாடிப்படியில் பாதி ஏறி நின்று கேட்டார்:

"யாருகூட பேசற? மேல ஒருத்தரையும் காணோமே?"

"பிரெண்டுகூடப்பா. ரெக்கார்ட் பண்றேன்."

"அந்தப் பக்கத்துல ஆளு இருக்குல்ல?"

"இருக்குப்பா."

"அப்ப சரி," என்று இறங்கிப் போனார்.

அந்தக் கேள்வியை அவர் சும்மாதான் கேட்டார். எனக்குத்தான் அது நெடுநாள் மனத்தில் கிடந்தது. அந்தப் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்பதுதான் என் முழுக் கவலையும். அவள் படிப்பதை விட்டுவிட்டால், படித்ததைச் சொல்ல எனக்கு இவ்வுலகில் வேறொருவர் இல்லை. இதைக் கழிவிரக்கமாகச் சொல்லவில்லை. வகுப்பில் நல்லவர்கள் இருக்கிறார்கள். தேர்வுக்குத் தேவையான நூல்களைப் பற்றி நன்றாகவே பேசுகிறார்கள். அம்மாவுக்குக் கதையென்றால் தொலைக்காட்சித் தொடர். விளம்பர இடைவேளையில் நான் ஏதாவது சொல்லத் தொடங்கினால், இடைவேளை முடிந்துவிடும்.

கொலை நாவலுக்குப் பிறகு ஒரு சரித்திர நாவல் படித்தோம். மூன்று பாகம். ஒரு துறைமுக நகரம், அதைப் பிடிக்கக் காத்திருக்கும் இரு படைகள், நடுவில் ஓர் இளவரசி. இளவரசியை எனக்குப் பிடிக்கவில்லை. அவள் பேசுவதெல்லாம் யாரோ கேட்டுக் கைதட்டுவதற்காகவே பேசுவதுபோல் இருந்தது. என்னைக் கவர்ந்தவள் முதல் பாகத்தில் வரும் ஒரு படகுக்காரி. முகத்துவாரத்தில் படகு வலிக்கிறவள்; நனைந்த சேலையின் முந்தானையில் ஒரு செய்தியை முடிந்துகொண்டு இருட்டுவதற்குள் அக்கரை போகிறாள். போகுமுன் தன் மகனுக்கு மீன் ஆய்ந்து வைத்துவிட்டுப் போகிறாள். அந்த மீன் இருக்கிறதே, அதுதான் நாவலாசிரியரின் திறமை. போர் தொடங்கப் போகிற மாலையில் ஒருத்தி மீன் ஆய்கிறாள்; செதில்கள் அவள் முன்கையில் ஒட்டியிருக்கின்றன. அதன் பிறகு அவள் நாவலில் வரவே இல்லை. இரண்டாம் பாகம் முழுக்க நான் அவளை எதிர்பார்த்தேன். மூன்றாம் பாகத்தில் கோட்டை விழுந்தது, இளவரசி மணந்தாள், அரியணை கைமாறியது. படகுக்காரி கரை சேர்ந்தாளா என்று எங்கும் இல்லை. ஆசிரியர் வேண்டுமென்றே விட்டாரென்று ஒரு கட்டுரையில் நான் வாதிடக்கூடும். உண்மையில் அவர் அவளை மறந்துவிட்டார் என்றே நினைக்கிறேன். இதை என் தோழிக்குப் பேசி அனுப்பியபோது, மறக்கப்பட்டவர்களுக்குத் தாம் மறக்கப்பட்டது தெரிவதில்லை, அவர்கள் பாட்டுக்குப் படகு வலித்துக்கொண்டிருப்பார்கள் என்றும் சொன்னேன்.

"நீ சொன்னது கரெக்ட்டுடி. பாவம் அந்தப் பொம்பள," என்று பதில் வந்தது. அவ்வளவுதான். முன்பெல்லாம் நான் ஒன்று சொன்னால் அவள் மூன்று மறுப்பு சொல்வாள்.

அடுத்தது அறிவியல் புனைவு. தொலைதூரக் கோள் ஒன்றைச் சுற்றும் நிலையத்தில் தனியாகப் பணிபுரியும் ஒரு பெண். பூமியிலிருந்து அவள் தம்பி பேசும் சொல் அவளை எட்டப் பல மணி நேரம் ஆகும். அவள் பதில் போய்ச் சேர அதே அளவு. அவன் "சாப்பிட்டியா?" என்று கேட்டது அவள் தூங்கி எழும்போது வருகிறது. அவள் "ஆச்சு" என்று சொன்னது அவன் வேலையில் இருக்கும்போது போகிறது. இந்த ஒப்புமையை நான் தேடிப் போகவில்லை. ஆசிரியர் பயன்படுத்திய சொல்லே அதுவாக இருந்தது. பரங்கிப்பேட்டை நிலையத்தில் எதிர்வண்டிக்காக ரயில் நெடுநேரம் நின்ற பிற்பகலில் அந்த இடத்தைப் படித்தேன். எதிர் இருக்கையில் மீன் கூடைக்காரம்மா ஒருவர் காலி அலுமினியப் பாத்திரத்தின் மேல் கால் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். சிரித்தேன். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு, மறுபடி மூடிக்கொண்டார். அந்த நாவலின் குறை, தனிமையை ஆசிரியர் எப்போதும் இருட்டோடும் குளிரோடும் சேர்த்தே எழுதுகிறார் என்பது. கூட்டமான பெட்டியில், வெயிலில், வியர்வையோடும் அது இருக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை.

அந்த நாவலுக்குத் தோழியிடமிருந்து வந்த 'ஆச்சு'கள் தாமதமாயின. எல்லாம் கதையில் வருவதுபோல் நடக்கிறது என்று அதையும் வேடிக்கையாகச் சொல்லி அனுப்பினேன். அவள் கருவுற்றிருக்கும் செய்தி அப்போதுதான் தெரிந்தது. மகிழ்ந்தேன். தாமதத்துக்குக் காரணம் கிடைத்ததில் அதைவிடச் சற்று அதிகமாக மகிழ்ந்தேன்.

பிறகு ஒரு குடும்ப நாவல். இந்த வகையை நான் அதிகம் மதித்ததில்லை, அவள்தான் தேர்ந்தெடுத்தாள். ஜவுளி வியாபாரம் செய்யும் வீடு, நான்கு பெண்கள். மூன்று பேருக்கு மணமாகிவிட்டது. இரண்டாமவளுக்கு மட்டும் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று நாவல் எங்கும் விளக்குவதில்லை. அது எனக்குப் பிடித்தது. ஒவ்வொரு சீமந்தத்துக்கும் ஒவ்வொரு காதுகுத்துக்கும் அடுப்படியில் நிற்பவள் அவள். எல்லாப் புகைப்படங்களிலும் தட்டு நீட்டும் ஒரு கையாக மட்டும் இருக்கிறாள். பதினெட்டாம் அத்தியாயத்தில், தங்கையின் குழந்தைக்குப் பெயர்சூட்டி முடிந்த மறுநாள், ஒரு பையை எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் போகிறாள். பேருந்து ஒன்று புறப்படத் தயாராக உறுமிக்கொண்டு நிற்கிறது. அத்தியாயம் முடிகிறது.

அங்கே நிறுத்த வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. அன்று மட்டும் 'ஆச்சு'வுக்குக் காத்திராமல், அவள் ஏறுவாளா மாட்டாளா என்று தவிப்போடு பேசி அனுப்பிவிட்டேன். அடுத்த அத்தியாயத்தைத் தொடவில்லை. அவள் 'ஆச்சு' என்று அனுப்பட்டும், இருவரும் சேர்ந்தே பேருந்தில் ஏறுவோம் என்றிருந்தேன்.

'ஆச்சு' வரவில்லை. ஒரு வாரம் போயிற்று; இன்னொரு வாரமும் போயிற்று. புத்தகத்தை நூலகத்தில் புதுப்பித்தேன். ரயிலில் பையிலிருந்து எடுப்பேன், அந்தப் பக்கத்தைத் திறப்பேன், மூடி வைப்பேன். பக்கத்தைத் திருப்ப ஒரு விரல் போதும். திருப்பினால் நான் தனியாகப் படிப்பவள் ஆகிவிடுவேன் என்பதால் திருப்பவில்லை. வேறு நாவலையும் தொடங்கவில்லை. செம்மங்குப்பம் தாண்டும்போது ஆலை நெடிக்காகச் சன்னலை இறக்கிக்கொண்டு, மற்ற பயணிகளைப் போலக் கைப்பேசியைப் பார்த்தேன்.

பட்டச் சான்றிதழ் வாங்க மாமியாரோடு சிதம்பரம் வருவதாக அவளிடமிருந்து செய்தி வந்தது. நாவலைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. பதினெட்டாம் அத்தியாயத்தை எதிரெதிரே உட்கார்ந்து பேசப் போகிறோம் என்று நானாக நினைத்துக்கொண்டேன். சொல்ல வேண்டியவற்றை மனத்துக்குள் வரிசைப்படுத்திக்கொண்டு கீழ வீதிக் காபிக் கடைக்கு அவர்களுக்கு முன்பே போய் உட்கார்ந்தேன்.

அவள் கொஞ்சம் ஊதியிருந்தாள். முகத்தில் முன்பில்லாத ஒரு சோம்பல் அழகு. மாமியார் கறுப்பு புர்காவில், உயரமாக, கையில் சான்றிதழ் உறையை விசிறியாக வீசிக்கொண்டு வந்தார். நான் எழுந்து, "வாங்கம்மா, பஸ்ல கூட்டமா?" என்றேன்.

அவர் நின்றுவிட்டார். விசிறியும் நின்றது.

"அல்லாவே! இந்தப் புள்ளதானா அது? கொரல வச்சே கண்டுபுடிச்சிட்டேன் பாரு. கத சொல்ற பொண்ணு!"

எனக்கு விளங்கவில்லை. அவளைப் பார்த்தேன். அவள் மேசையில் இருந்த தண்ணீர்க் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெனம் சாயங்காலம் ஆனா போதும், நாங்க காய் நறுக்க உக்காந்துருவோம்," என்று மாமியார் என்னருகே உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். "இவ செல்போன ஜன்னல்ல வச்சிருவா. என் மவ சொல்லுவா, சீரியலு என்னா சீரியலு, இதாம்மா சீரியலுன்னு. ஆமா, ஒண்ணு கேக்கணும். அந்தப் பொண்ணு பஸ்சுல ஏறுச்சா இல்லியா?"

"எந்தப் பொண்ணு?"

"அட, நாலு பொண்ணுல ரெண்டாவது! பஸ் ஸ்டாண்டுல கொண்டுபோய் நிக்க வச்சிட்டு நீ பாட்டுக்குப் போயிட்ட. நாங்க எத்தினி நாளா நிக்கறோம்! என் மவ ஏறிருப்பாங்கறா, நான் ஏறிருக்காதுங்கறேன். வூட்டுல இதே பேச்சுதான்."

அவளுடைய 'ஆச்சு'வுக்காக நான் நின்றேன். என் குரலுக்காக மங்கலம்பேட்டையில் ஒரு சமையலறை நின்றிருக்கிறது. நடுவில் இருந்தவள் குவளையை ஒரு சுற்று சுற்றினாள்.

"நான் இன்னும் படிக்கலைங்கம்மா," என்றேன்.

"படிக்கலியா? அப்பறம் எப்டி மொத்தத்தையும் சொல்ற? நல்ல புள்ள நீ." காபி வந்தது. ஆற்றிக்கொண்டே, இயல்பாக, அவர் தொடர்ந்தார்: "ஏம்மா, வூட்டுல நீ பேசறத காது குடுத்துக் கேக்க ஆளில்லன்னு சொன்னியே, கேட்டு எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஏன், உங்கம்மா நல்லவங்கதானே?"

முகம் சுட்டது. அது அறிவியல் நாவலின் கடைசிப் பதிவில், எல்லாம் சொல்லி முடித்த பிறகு, தாழ்ந்த குரலில் நான் சொன்னது. தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நின்று சொன்னேன். அந்தக் குரலுக்கு வெண்டைக்காய் நறுக்கிய கைகள் ஒரு கணம் நின்றிருக்கும் என்று அப்போது தெரியாது.

"நல்லவங்கதாம்மா," என்றேன். "சும்மா சொன்னது."

"மாமி," என்று அவள் முதன்முறையாக வாய் திறந்தாள், "எதிர்க் கடைல வளையல் பாக்கணும்னீங்களே."

மாமியார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "பேசுங்க, பேசுங்க. ஜாஸ்தி நேரம் ஆக்காதீங்க, பஸ்சு போயிரும்," என்று காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்து போனார்.

தேரடிப் பக்கம் ஓர் ஆட்டோக்காரர் யாரையோ பெயர் சொல்லி அழைத்துக்கொண்டே இருந்தார்.

"கோவமாடி?"

"எப்ப விட்ட?"

"எத?"

"படிக்கறத."

அவள் விரலில் மோதிரத்தைத் திருகினாள். "அந்த சளி புடிச்ச சப்-இன்ஸ்பெக்டர் கத இருக்குல்ல? அதுல பாதி படிச்சேன். அதுக்கப்பறம் இல்ல."

அதற்குப் பிறகு மூன்று பாகச் சரித்திர நாவல். கோளைச் சுற்றிய பெண். ஜவுளிக்கடை வீடு. படகுக்காரிக்காக நான் காத்திருந்த அத்தனை அத்தியாயங்களிலும் அவள் என்னோடு இல்லை.

"ஆச்சு ஆச்சுன்னு அனுப்பினியே."

"அனுப்பலன்னா நீ அங்கயே நின்னுகிட்டு இருப்பியேடி. உன்ன எனக்குத் தெரியாதா? ஒரு பக்கம் தாண்ட மாட்ட. எதுக்கு உன் படிப்பு என்னால நிக்கணும்னு போட்டுவிட்டேன். இந்தத் தடவ வாந்தியும் மயக்கமுமா கெடந்தேன், போடவே மறந்துட்டேன். அதுக்கு நீ நெஜமாவே நின்னுட்டியா?"

"நின்னுட்டேன்."

"லூசுடி நீ," என்றாள். அவள் கண் கலங்கிற்று. எனக்குக் கலங்கவில்லை; அதற்குச் சற்று முன்புதான் எல்லாம் கலங்கி முடிந்திருந்தது.

பிறகு அவள் விளக்கினாள். முதலில் காதில் கருவியைச் செருகிக்கொண்டுதான் கேட்டாளாம். அடுப்படியில் தனியாகச் சிரித்தால் என்ன சிரிப்பு என்று கேட்கிறார்கள். ஒரு நாள் மாமியார் எனக்கும் வை என்றார். வைத்தாள். அதன் பிறகு அந்த வீட்டில் அவளுக்கும் அவர்களுக்கும் பேச ஒரு பொருள் கிடைத்தது. "அதுக்கு முன்னாடி நாங்க மூணு பேரும் கொழம்புக்கு உப்பு பத்திதான்டி பேசுவோம்," என்றாள். "உனக்குச் சொல்லிருக்கணும். சொன்னா நீ பேசறத நிறுத்திருவன்னு பயமா இருந்திச்சு."

அவள் சொன்னது சரி. நிறுத்தியிருப்பேன்.

"மறுபடி படிக்க மாட்டியா?"

"ரெண்டு பக்கம் பாத்தா கண்ணு சொக்குதுடி. பொறவு கொழந்த வந்துரும். இன்ஷா அல்லா, அது வளந்து…" என்று தொடங்கியவள், அதை எனக்காகச் சொல்ல வேண்டாமென்று விட்டுவிட்டாள். "நீ கத சொல்லு. நான் கேக்கறேன். அது போதாதா?"

இலக்கிய மாணவி என்ற முறையில் எனக்குத் தெரியும், அது வேறு. கேட்கிறவள், சொல்கிறவள் காட்டும் சன்னல் வழியாகத்தான் பார்க்க முடியும். படிக்கிறவள் தன் கண்ணால் பார்த்துவிட்டு வந்து, இல்லை, நீ பார்த்தது தப்பு என்பாள். எனக்கு வேண்டியிருந்தது அந்தத் தப்புதான். ஆனால் உப்பைத் தவிரப் பேச ஒன்றுமில்லாத மூன்று பெண்களின் சமையலறையையும் என்னால் ஒதுக்க முடியவில்லை. போதும் என்றும் சொல்லவில்லை, போதாது என்றும் சொல்லவில்லை. மாமியார் வளையலோடு திரும்பி வந்தார். எனக்கும் ஒரு ஜோடி வாங்கியிருந்தார். அளவு பெரிதாக இருந்தது. பேருந்து ஏறும்போது அவள் படியில் நின்று, "மாமி ஏறிட்டாங்கடி, அந்தப் பொண்ண என்னா பண்ணப் போற?" என்று கேட்டாள். இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு மட்டும் பழையபடி இருந்தது.

மாலை ரயிலில் பத்தொன்பதாம் அத்தியாயத்தைத் திருப்பினேன்; அதுவே கடைசி. அந்த இரண்டாமவள் ஏறினாள். நடத்துநர் எங்கே என்று கேட்கிறார். அவளுக்கு எந்த ஊர்ப் பெயரும் வாயில் வரவில்லை. கடைசி நிறுத்தம் என்கிறாள். அங்கே ஒரு தையல் கடையில் வேலை, ஒரு சிறிய அறை. முதல் மாலை தனக்கென்று உலை வைக்கிறாள். வாழ்நாள் முழுதும் இருபது பேருக்கு ஆக்கிய கை. ஒருத்திக்கு எவ்வளவு அரிசி என்று அதற்குத் தெரியவில்லை. பானை பொங்கி வழிகிறது. அவள் சோற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், நாவல் முடிகிறது. அவள் அழுதாள் என்றோ சிரித்தாள் என்றோ ஆசிரியர் எழுதவில்லை. குடும்ப நாவல்களைப் பற்றி நான் கொண்டிருந்த தாழ்வான எண்ணத்தைக் கிள்ளைக்கும் ஆலப்பாக்கத்துக்கும் இடையே திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து மாடிக்குப் போனேன். பதிவைத் தொடங்கி, "எல்லாருக்கும் வணக்கம்," என்றேன். நன்றாக இல்லை என்று அழித்தேன். மறுபடி தொடங்கிக் கதையை மட்டும் சொன்னேன். யார் என்ன செய்தார், எங்கே போனார், சோறு எப்படிப் பொங்கியது. நான் என்ன நினைத்தேன் என்பதைச் சொல்லவில்லை. என்னைப் பற்றியும் எதுவும் சொல்லவில்லை. வழக்கத்தைவிடக் குறுகிய, பிழையில்லாத பதிவு. அனுப்பினேன்.

மறுநாள் பதில் வந்தது. அவள் குரலன்று, மாமியாருடையது. பின்னால் குக்கர் சத்தமும், நாத்தனாரின் "நான் சொன்னேன்ல, ஏறிருக்கும்னு!" என்ற கூவலும்.

"அரிசி பொங்குச்சுன்னதும் எனக்கு மனசு கேக்கல போ. ஒத்த ஆளுக்கு ஆக்கத் தெரியாமப் போச்சே அதுக்கு. ஏம்மா, நீ ஒண்ணும் சொல்லலியே? எப்பயும் கடேசீல எதாச்சும் சொல்லுவியே. அதச் சொல்லாம வுட்டுட்ட."

இரண்டு முறை கேட்டேன். முதல் முறை அவர் சொன்னதற்காக. இரண்டாம் முறை, அந்த அடுப்படிச் சத்தத்துக்குள் அவள் எங்காவது இருக்கிறாளா என்பதற்காக. பாத்திரம் தேய்க்கும் ஓசை ஒன்று இருந்தது. அது அவளாக இருக்கலாம்.

நான் நினைத்ததைச் சொல்லி அனுப்பினேன். முழுவதையும் சொல்லவில்லை; அந்தச் சமையலறையில் மூன்று பேர் முன்னால் சொல்லத்தக்க அளவு. ஒருத்திக்குரிய அளவு என்னவென்று நாவல் சொல்லாததே எனக்குப் பிடித்திருந்தது என்றேன். அந்தப் பெண் மறுநாள் கொஞ்சம் குறைத்துப் போட்டுப் பார்த்திருப்பாள் என்றேன். சரியென்றோ தப்பென்றோ இதுவரை யாரும் சொல்லவில்லை.

திங்களன்று நூலகத்தில் வேறொரு நாவல் எடுத்தேன். ஆவிக் கதை, பாழடைந்த அச்சுக்கூடம், தானாக ஓடும் இயந்திரம். எந்த அத்தியாயத்தில் நிறுத்துவது என்று யாருடனும் பேசி வைக்கவில்லை. காலை ரயிலில் ஆலப்பாக்கம் தாண்டியும் படித்தேன், புதுச்சத்திரம் தாண்டியும் படித்தேன். இயந்திரம் அச்சடித்த முதல் பக்கத்தில் என்ன இருந்தது என்று தெரிந்த இடத்தில் தலை நிமிர்ந்தேன். பெட்டியில் எல்லோரும் அவரவர் கைப்பேசியில் இருந்தார்கள். மறுபடி குனிந்து, அடுத்த அத்தியாயத்துக்குப் போனேன்.